ஒன்பதாம் அறையின் சாவி

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? இருமல் விட்டதா? மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறாயா? முகத்தைச் சுளிக்காதே, டாக்டர் அக்கா வாய்த்தால் இதையெல்லாம் கேட்டுத்தான் தீருவாள். இங்கே நானும் உன் அத்தானும் சின்னவளும் நலம். அத்தானுக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. பீரோவில் பிஸ்கட் ஒளித்து வைத்திருந்தார், மகளே காட்டிக்கொடுத்துவிட்டாள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் பழையபடி கடிதமே எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நல்ல செய்தி ஒன்று. ஜூலையில் நடக்கும் சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் எங்கள் ஆய்வைப் படிக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெரிய அரங்கம், பத்து நிமிடம், நானேதான் பேசுகிறேன். ஆறு ஆண்டுகளாக நாங்கள் பின்தொடர்ந்த தம்பதிகளைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை. மாத்திரையால் வைரஸ் சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்தவர்கள். அவர்களிடமிருந்து துணைக்கு ஒருமுறைகூடப் பரவவில்லை. பெரிய நாடுகளில் முன்பே கண்டுபிடித்ததுதான். நம்முடையதைப் போன்ற கூட்டம் நெரியும் சாதாரண ஆஸ்பத்திரியிலும் அது அப்படியே நிற்கிறது என்பதுதான் எங்கள் செய்தி.

நோயாளிகளுக்குக் கொடுக்க எளிய தமிழில் ஒரு துண்டறிக்கை வேண்டும். மாநாட்டிலும் வைக்கலாம் என்றிருக்கிறேன். வாசகம் இத்துடன். உன் அச்சகத்தில் அழகாகப் பக்கம் கட்டிக் கொடு.

மார்ச்சில் ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது புரூபைக் கையோடு கொண்டு வா. வழக்கம்போல லாட்ஜில் ஒன்பதாம் அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது. அந்த வாடை உன் நெஞ்சுக்கு ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பதிலைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேலை ஓடும்.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் ஓடியே போய்விட்டது. அத்தானின் சர்க்கரைக்கு என் அனுதாபம். காட்டிக்கொடுத்த என் மருமகளுக்குக் கடும் கண்டனம்.

உன் செய்தியைப் படித்துவிட்டு அச்சகத்தில் வாய்விட்டுக் கத்திவிட்டேன். மிஷினில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று முதலாளி ஓடி வந்தார். எங்க அக்கா மேடை ஏறப் போறாங்க என்றேன். பாட்டா, நடனமா என்று கேட்டார்.

துண்டறிக்கையை மூன்று மடிப்பில், இரண்டு நிறத்தில் போடலாம். ஆனால் உன் வாசகம் டாக்டர் டாக்டருக்கு எழுதிய மாதிரி இருக்கிறது. 'வைரஸ் ஒடுக்க நிலை' என்று போட்டால் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர் அதை மடித்து விசிறிக்கொள்வார். 'சோதனையில் தென்படவில்லை என்றால் துணைக்குப் பரவாது.' இதுதான் தலைப்பு. கொட்டை எழுத்தில் போட்டு, படத்தோடு ஒரு மாதிரிப் படி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்புறம் பெயின்ட். போன வருஷமும் பெயின்ட்தான். அதற்கு முந்தின வருஷம் தண்ணீர்க் குழாய். அதற்கும் முன்னால் சின்னவளுக்குப் பரீட்சை. அப்போது அவள் நர்சரியில் கலர் பென்சிலைத் தின்றுகொண்டிருந்தாள். அது வீடா, துறைமுகத்தில் நிற்கிற கப்பலா? வருஷம் பூராவும் பழுது பார்க்கிறீர்களே.

சரி, அதை விடு. என்னிடமும் ஒரு செய்தி இருக்கிறது. எங்கள் அச்சகத்துக்கு அடுத்தது ஒரு சாவிக் கடை. அப்பாவும் மகளும் நடத்துகிறார்கள். அந்த மகளை நான் சாவி என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை மை என்பாள், என் விரலில் எப்போதும் ஒட்டியிருப்பதால். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் சொன்னபோது அவள் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தாள். அரத்தை நிறுத்தினாள். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்கள்ல?" என்றாள். "போடுறேன்" என்றேன். "அப்ப சரி" என்று மறுபடி ராவ ஆரம்பித்துவிட்டாள். எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. அதைக் கேட்டது இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

அவள் அப்பாவிடம் அவளே சொல்லிவிட்டாள். மனுஷர் கத்தவில்லை. ஆனால் பயப்படுகிறார். அம்மா இல்லாத பெண், ஒரே மகள். "உங்க அக்கா இதுக்கே டாக்டருங்கறீங்க. அவங்க வந்து என் முகத்தைப் பார்த்துப் பயமில்லைன்னு சொல்லட்டும். நான் மறுபேச்சு பேச மாட்டேன்" என்கிறார். அவர் தலையாட்டாமல் அவள் வரமாட்டாள். நானும் அப்படிக் கூப்பிட மாட்டேன்.

அதனால் நீ ஒருமுறை வரவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. ஆயிரம் பேர் முன்னால் சொல்லப் போவதை ஒரு சாவிக் கடைக்காரர் முன்னால் சொல்லிவிட்டுப் போ.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு முத்தம்.

உன் தம்பி

*

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிந்து மகிழ்ச்சி. அத்தானுக்கு இப்போது சர்க்கரை பரவாயில்லை.

தலைப்பு நன்றாக இருக்கிறது, என் குழுவில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் 'மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திரும்பப் பெருகும்' என்பதைத் தனிக் கட்டத்தில் போடு. ஊசியால் பரவுவது வேறு கணக்கு, அதைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடு. கர்ப்பிணிகளுக்கான பத்தியில் ஒரு சொல் மாற்றியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நீயாகச் சேர்த்திருக்கும் வரியை எடுத்துவிடு. 'ஒரே வீட்டில் வாழ்வது, ஒரே பாத்திரம், ஒரே குளியலறை, இவற்றால் இது யாருக்கும் பரவியதே இல்லை' என்பது எல்லாருக்கும் தெரிந்த பழைய செய்தி. எங்கள் ஆய்வில் வராது. இடமும் போதாது. உள்ளே இருக்கும் படத்தில் அந்தப் பெண் ரொம்பச் சோகமாக இருக்கிறாள், கொஞ்சம் சிரிக்க வை.

மற்ற விஷயத்தை நன்றாக யோசித்துச் செய். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். மாநாடு முடியட்டும்.

பரிசோதனைக்கு வரும்போது வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா.

உன் அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் உன்னைப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தாய்.

புரூபில் ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தினாய். வரிக்கு வரி இடைவெளி பார்த்தாய். படத்தில் இருக்கும் பெண்ணின் உதட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாய். நான் கல்யாணம் என்று வாயைத் திறந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாய். என் ரிப்போர்ட் வந்ததும் "தென்படவில்லை, வெரி குட்" என்று முதுகில் தட்டினாய். தட்டிவிட்டு ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு அனுப்பிவிட்டாய். அறையில் எனக்கு முன்னால் உன் பழக்கூடை உட்கார்ந்திருந்தது.

ஒன்பதாம் அறையின் ஜன்னலைத் திறந்தால் உன் வீட்டுப் பின்பக்கம் தெரியும். உனக்கு அது தெரியுமோ தெரியாதோ. கொடியில் சின்னவளின் சீருடை காய்ந்தது. சுவர் பழைய சுவர்தான். பெயின்ட் வாடை வருகிறதா என்று ஜன்னலில் மூக்கை நீட்டி நின்றேன், பைத்தியக்காரன் மாதிரி. யாருடைய காதில் பூ சுற்றுகிறாய்?

வந்த வேகத்தில் லாட்ஜ் சாவியைத் திருப்பித் தர மறந்து சட்டைப்பையிலேயே கொண்டுவந்துவிட்டேன். மரக்கட்டையில் 9 என்று எழுதியிருக்கும் பார், அதேதான். சாவிக் கடையில் டீ குடிக்கும்போது பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். வைத்தவன் கையை வெட்ட வேண்டும். அவள் அப்பா அதைப் பார்த்தார்.

"அக்கா வீட்டுக்குத்தானே போனீங்க?"

"ஆமாங்க."

"அப்ப லாட்ஜ் சாவி எதுக்குங்க?"

பெயின்ட் என்றேன். வேறு என்ன சொல்வது? டீயை முடித்தார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இதை ஊருக்கெல்லாம் சொல்ற டாக்டரே தன் வீட்ல உங்களைப் படுக்க விடலைன்னா, நான் எதை நம்பி என் பொண்ணைக் குடுப்பேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா, எட்டு வருஷத்துக்கு முன்னால் எலும்பும் தோலுமாக விழுந்து கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்து, மாத்திரை பிடிக்காமல் வாந்தி எடுத்தபோதெல்லாம் பக்கத்திலேயே நின்று, பிழைக்க வைத்தவள் நீ. நீ இல்லை என்றால் நான் இல்லை. அதற்காகத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு அந்த அறையில் படுத்தேன். நானாக ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என்னை உன் வீட்டில் ஏன் தங்க விடுவதில்லை? நேராகப் பதில் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

நலமா? உன் கடிதம் கிடைத்தது. மாநாட்டு வேலை தலைக்கு மேல் இருப்பதால் உடனே எழுத முடியவில்லை.

வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். எல்லா வீட்டிலும் எல்லாம் நம் இஷ்டப்படி நடந்துவிடாது. உன் அத்தானின் சுபாவம் உனக்குத் தெரியாதது அல்ல. வெளியே சிரித்துப் பேசுவார். ஆனால் சில விஷயங்களில் அவர் மனசு ஒப்பாது. நான் இரண்டு பக்கமும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இதை அவரிடம் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதே.

மாநாடு முடிந்து வந்ததும் அந்தப் பெரியவரை நானே வந்து பார்க்கிறேன். துண்டறிக்கை மே மாதத்துக்குள் வந்துவிட வேண்டும். தாள் மெல்லியதாக இருக்கட்டும், விமானத்தில் எடைப் பிரச்சினை.

நேரத்துக்குத் தூங்கு. கோபம் உன் உடம்புக்கு ஆகாது.

உன் அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

துண்டறிக்கைக் கட்டுகள் இரண்டு இத்துடன் வருகின்றன. மெல்லிய தாள்தான். படத்தில் இருக்கும் பெண் சிரிக்கிறாள்.

அத்தானைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். மனுஷர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிப்பிடிப்பாரே, அதெல்லாம் நடிப்பா? சரி. உனக்காக அவரிடம் எதையும் கேட்கவில்லை.

சாவியின் அப்பாவிடம் ஜூலைக்குப் பிறகு அக்கா வருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று.

தம்பி

*

ஜூலை 10

அன்புள்ள மைத்துனருக்கு,

நலமா? நானும் மகளும் நலம். உங்கள் அக்கா நேற்று விமானம் ஏறிவிட்டாள். பெட்டியில் துணியைவிட உங்கள் துண்டறிக்கைதான் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அவள் ஊரில் இல்லாததால் அது இனி எப்படிப் போகும் என்று சொல்வதற்கில்லை.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். நீங்கள் இரண்டு பேரும் கூரியரில் எழுதிக்கொள்வதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. விஷயம் இதுதான். மகள் "மாமா எப்ப வருவாரு" என்று நச்சரிக்கிறாள். உங்கள் துண்டறிக்கையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் "எங்க மாமா அடிச்சது" என்று காட்டுகிறாள். உங்கள் அக்கா திரும்பி வர ஒரு வாரம் ஆகும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஒரு வாரம் வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போங்களேன்.

உங்களுக்கு லாட்ஜ்தான் சௌகரியம், வீட்டுச் சத்தத்தில் தூக்கம் வராது, வற்புறுத்தினால் சங்கடப்படுவீர்கள் என்று உங்கள் அக்கா எப்போதும் சொல்வாள். சிலருக்கு அப்படித்தான், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எட்டு வருஷமாக ஒரு ராத்திரிகூட மச்சான் நம் வீட்டில் தங்கவில்லையே என்று எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது. உங்கள் உடம்பைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதை நான் ஒருநாளும் பெரிதாக நினைத்ததில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

வீடு கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும். பெயின்ட் அடித்து நாலு வருஷம் ஆகிறது, சுவர் உரிகிறது. அக்காவிடம் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாடியில் மட்டும் ஏதோ கட்டவேண்டும் என்று கொத்தனாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
அத்தான்

*

ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? நான் இங்கே நலம், குளிர்தான் தாங்கவில்லை. ஹோட்டல் அறையில் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று பேசி முடித்தேன். அரங்கம் நிறைந்து படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பெயரைப் பெரிதாக அடித்திருந்தார்கள், நீ பார்த்திருந்தால் எழுத்துரு சரியில்லை என்று சொல்லியிருப்பாய்.  கடைசிப் படத்தில் தம்பதிகளின் எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் பெரிய பூஜ்யம். அது திரையில் வந்ததும் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று முழுக்க அமர்வு அமர்வாக ஓடினேன். தொற்றே வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்கிறார்கள். கேட்கக் கேட்க மலைப்பாக இருந்தது. ஆனால் விலையைச் சொன்னதும் பின் வரிசையில் ஒரு கூட்டம் பலகையோடு எழுந்து நின்று கோஷம் போட்டது. தலைமை வகித்தவர் தண்ணீர் குடித்தார். குழந்தைகளுக்கான மருந்து, சிறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை, இப்படி எத்தனையோ. குறிப்பெடுத்து விரல் வலிக்கிறது.

உன் துண்டறிக்கை முதல் நாளே தீர்ந்துவிட்டது. தமிழ் தெரியாதவர்களும் அழகுக்காக எடுத்துப் போனார்கள். நம் மொழி தெரிந்த ஒரு செவிலியர் மூன்றாம் பக்கத்து வரியைப் படித்துக் காட்டி ரொம்பவே பாராட்டினார். ஒரே வீடு, ஒரே பாத்திரம் என்ற வரி. புரூபிலும் கோடு போட்டு எடுக்கச் சொன்னேனே, ஏன் எடுக்கவில்லை? அச்சானதை நானும் பிரித்துப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

என் பேச்சுக்குப் பிறகு சில கேள்விகள் வந்தன. எல்லாம் நல்லபடியாகப் போயிற்று.

உனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறேன்.

உன் அக்கா

*

ஜூலை 30

அக்காவுக்கு,

உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

முதலில் அத்தான். கடிதம் எழுதியிருந்தார். நகல் வேண்டுமா? லாட்ஜ்தான் எனக்குச் சௌகரியமாம். வீட்டில் எனக்குத் தூக்கம் வராதாம். இதை நீ சொன்னாயாம். என்னிடம் அவரைக் காட்டினாய், அவரிடம் என்னைக் காட்டினாய். நடுவில் நீ மட்டும் நல்லவள். எட்டு வருஷம் அந்த மனுஷர் தன் வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து வருத்தப்பட்டிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! நான்கூட இவ்வளவு சுத்தமாகப் பக்கம் கட்டியதில்லை.

சின்னவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்திருந்தாயானால் அதையாவது சொல்லியிருக்கலாம். டாக்டருக்குப் பயம் வரக்கூடாது என்று சட்டமா? பயமா இருக்குடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போய் அந்த லாட்ஜில் படுத்திருப்பேன்.

இரண்டாவது, நீ எழுதாமல் விட்ட கேள்வி.

இந்த மாதம் மாத்திரை வாங்க எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாவியும் கூட வந்திருந்தாள். காத்திருக்கும் ஹாலில் டிவி இருக்கிறது, வழக்கமாக அதில் காட்டு மிருகங்களைப் பற்றிய படம்தான் ஓடும். அன்று, எங்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் உன் பேச்சின் பதிவைப் போட்டார். சொந்தக் குரலில் ஒரு அறிவிப்பு வேறு. "இவரோட அக்காதாங்க பேசுறாங்க!" நாற்பது தலையும் என்னைத் திரும்பிப் பார்த்தன. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூஜ்யம் திரையில் வந்ததும் இங்கேயும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன், அக்கா. உன்மேல் இருந்த கோபமெல்லாம் கொஞ்ச நேரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அப்புறம் பதிவில் ஒரு பெண் மைக் முன்னால் வந்தாள். தனக்கும் இது இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். கீழே தமிழில் எழுத்து ஓடியது. 'டாக்டர், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் அவர்களிடமும் இதே உறுதியோடு பேசுவீர்களா?'

நீ சிரித்தாய். நிமிர்ந்து நின்று சொன்னாய்: 'என் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.'

அதற்கும் கை தட்டினார்கள். அங்கே. இங்கே ஒருத்தரும் தட்டவில்லை. கவுன்சிலர் ரிமோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அம்மா கையை விடவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் தவித்தார். சாவிதான் எழுந்தாள். "வாங்க, டீ குடிக்கலாம்" என்றாள். 

என் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதே. சப்பைக்கட்டு கட்டினால் இந்தக் கடிதத்தை நூறு படி அச்சடித்து உன் ஆஸ்பத்திரி வாசலில் கொடுப்பேன். 'அதைச் சொல்ல விருப்பமில்லை' என்று சொல்லியிருக்கலாம். 'அடுத்த கேள்வி' என்று சொல்லியிருக்கலாம். இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு யாரென்று சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை என்று சொல்ல உன்னை யார் கழுத்தைப் பிடித்தார்கள்?

எட்டு வருஷம் வீட்டுக்கு வெளியே வைத்தாய். இப்போது குடும்பத்துக்கும் வெளியே.

கம்பளிச் சட்டையை வேறு யாருக்காவது கொடு.

*

அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு மாதமாக எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. உன் கடிதத்தில் உள்ளவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எழுத்தில் வைக்க முடியாது.

அந்தப் பெரியவருக்கு ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வைரஸ் அளவு, எத்தனை ஆண்டுகளாகத் தென்படவில்லை, அதனால் அவர் மகளுக்கு ஆபத்து இல்லை, குழந்தை பிறந்தாலும் பயமில்லை, எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன். அவர் எந்த டாக்டரிடம் காட்டினாலும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், முடிந்தபிறகு சொல்லலாம் என்று இருந்தேன். மாடியில் உனக்கென்று ஒரு அறை கட்டியிருக்கிறேன். காற்று நன்றாக வரும். உள்ளேயே குளியலறை, தண்ணீர்க் குழாய், ஒரு சின்னச் சமையல் மேடை. பாத்திரம்கூடப் புதிதாக வாங்கி வைத்துவிட்டேன். வெளியிலிருந்தே படிக்கட்டு இருப்பதால் நீ எந்த நேரத்திலும் வந்து போகலாம், கீழே யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. இனி லாட்ஜ் வேண்டாம். நீ இரண்டு பேராக வந்தாலும் தாராளமாக இடம் இருக்கும். சாவி உறைக்குள் இருக்கிறது.

உனக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்பதைப் புரிந்துகொள்.

உன் அக்கா

*

அக்டோபர் 17

அக்காவுக்கு,

நலம். மாத்திரை தவறவில்லை. அத்தானுக்கும் சின்னவளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் உறையைச் சாவிக் கடை மேஜையில் வைத்துத்தான் பிரித்தேன். அவள், அவள் அப்பா, நான், மூன்று பேரும் இருந்தோம். முத்திரை போட்ட கடிதத்தை நான் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லா எழுதியிருக்காங்க" என்றார். அப்புறம் உறையைத் தட்டினேன், உன் சாவி விழுந்தது.

"இது என்ன?"

உன் கடிதத்தில் அந்தப் பகுதியையும் படித்துக் காட்டினேன். வெளிப்படிக்கட்டு, உள்ளேயே குளியலறை, புதுப் பாத்திரம், கீழே யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. படித்துக்கொண்டே போகும்போது என் குரல் ஏறியது. கடைசி வரிக்கு வரும்போது கத்திக்கொண்டிருந்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உன் ஒன்பதாம் அறைக்குச் சிமென்ட் பூசி உன் மாடியிலேயே ஏற்றிவிட்டாய், அதற்கு நான் உனக்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். இத்தனைக்கும் உன் வீட்டுப் பிரிட்ஜ் கதவிலேயே அந்த வரி ஒட்டியிருக்கிறது. ஒரே வீடு, ஒரே பாத்திரம், ஒரே குளியலறை. தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் உன் மூக்குக்கு நேரே நிற்கும். படித்துத்தான் பாரேன் ஒருமுறை.

நான் கத்தி முடிக்கும்வரை அவர் உன் சாவியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அதை முத்திரை போட்ட கடிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கம் தள்ளினார்.

"இந்தக் காகிதமும் வேணாம், இந்தச் சாவியும் வேணாம். ரெண்டையும் திருப்பி அனுப்பிடுங்க" என்றார்.

சரி, முடிந்தது என்று எழுந்தேன். செருப்பைப் போடப் போனவனை அவர்தான் நிறுத்தினார்.

"உட்காருங்க மாப்ளே. எங்க போறீங்க? கூடப் பொறந்தவங்க வீட்லயே உங்களுக்கு வாசல் இல்லைன்னா, வேற எங்க போவீங்க? இங்கயே இருங்க."

அவருக்கும் கோபம்தான், அக்கா.  உன் பத்து நிமிடப் பேச்சும் ஆறு வருஷ ஆய்வும் முத்திரையும் செய்யாததை உன் வெளிப்படிக்கட்டு செய்துவிட்டது. சாவி அரத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கு அவள் அழுது பழக்கமில்லை. துடைத்துவிடப் போய் அவள் கன்னமெல்லாம் மை ஆக்கிவிட்டேன்.

வரும் இருபத்தெட்டாம் தேதி பதிவுத் திருமணம். அத்தானும் சின்னவளும் வருகிறார்கள். முதல் சாட்சி கவுன்சிலர். இரண்டாவது சாட்சி இன்னும் முடிவாகவில்லை.

நேற்று மாமா கேட்டார், "உங்க அக்கா வருவாங்களா?" என்று. எனக்கு அக்கா யாரும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நீ மைக்கில் சொன்ன அதே மாதிரி, நிமிர்ந்து நின்று, சிரித்துக்கொண்டே. இரண்டு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை. "தெரியல மாமா" என்றேன்.

அவர் எழுந்தார். மிஷினை ஓடவிட்டு ஒரு சாவி வெட்டினார்.

உன் மாடிச் சாவியும் முத்திரைக் கடிதமும் இத்துடன் திரும்பி வருகின்றன. ஒன்பதாம் அறைச் சாவியை லாட்ஜ் மேனேஜருக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். உறையில் மூன்றாவதாக இருக்கிறதே, புதிதாக மினுங்குகிற ஒன்று, அது எங்கள் வீட்டு வாசல் கதவுச் சாவி. மாமா உனக்காக வெட்டியது. வந்தால் லாட்ஜ் பார்க்காதே. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே குளியலறை, நாலே நாலு தட்டு. எல்லாரும் ஒன்றாகத்தான் படுப்போம். உனக்கென்று தனியாக எதுவும் எடுத்து வைக்க மாட்டோம்.

தம்பி